அஞ்செட்டிக் காட்டுப் பரண்

வேட்டை எனக்குப் பிடிக்கும். ஒரு காலத்தில் பிடித்திருந்தது, இப்போது இல்லை என்று சொன்னால் கேட்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அது உண்மையாகாது. துப்பாக்கியைத் தொட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எந்த உயிரையும் சுட வேண்டும் என்ற எண்ணம் இன்று இல்லை. ஆனாலும் ஐப்பசி மழை விட்டு, ஜோகுபாளையத்துச் சந்துகளில் ஈர மண் வாசனை எழும் ராத்திரிகளில், அஞ்செட்டிக் காட்டில் ஒரு நீர்மருது மரத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அந்த ஏக்கத்துக்கு வயதாகவே இல்லை.

அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இன்றைய ஜோகுபாளையத்தில் நின்று, "இங்கிருந்துதான் சிறுத்தை வேட்டைக்குக் கிளம்புவோம்" என்றால் என் பேரப்பிள்ளைகளே நம்புவதில்லை. 1960-களின் பெங்களூர் வேறு. ஹோசூர் ரோட்டில் மடிவாளா தாண்டினால் ராகி வயல். ஹோசூர் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து தேன்கனிக்கோட்டை, பிறகு மலைச்சரிவில் இறங்கி அஞ்செட்டி. எல்லாம் சேர்த்து நூறு கிலோமீட்டருக்குள் அடக்கம். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து கிளம்பினால் பொழுது சாயும் முன் காட்டுக்குள் இருக்கலாம். திங்கட்கிழமை காலை சங்கு ஊதும்போது தொழிற்சாலை வாசலில் நிற்கலாம். ஒரு பெருநகரத்துத் தொழிலாளிக்கு இப்படி ஒரு வாய்ப்பு உலகத்தில் எத்தனை ஊர்களில் வாய்த்திருக்கும்!

சின்ன மாமா அப்படிப்பட்ட தொழிலாளிதான். எங்கள் பகுதியில் பாதி வீடு பட்டாளத்து வீடு. எம்.இ.ஜி. என்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் முகாம் அல்சூர் ஏரிக்கரையில். அதை நம்பி வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் எங்களுடையவை. மாமாவும் சாப்பராக இருந்து, பர்மா சண்டையைப் பார்த்துவிட்டு வந்து, எச்.ஏ.எல். தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் துப்பாக்கி லைசென்ஸ் கிடைப்பது பெரிய பாடாக இருக்கவில்லை. பன்னிரண்டு போர் இரட்டைக்குழல், வெளியே சுத்தியல் வைத்த பழைய மாடல். ரைஃபிள் வாங்கும் வசதி அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் பழைய பேப்பரை விரித்து அந்தத் துப்பாக்கியைத் துடைப்பார். தேங்காய் எண்ணெய் வைக்கக் கூடாது, பிசுக்காகிவிடும் என்று தையல் மிஷின் எண்ணெய்தான் போடுவார். குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு இழுத்த பின், வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து என்னைப் பார்க்கச் சொல்வார். உள்ளே வளையம் வளையமாக வெள்ளி மின்னும். தோட்டாக்களை ஒவ்வொன்றாக அறைக்குள் போட்டு எடுப்பார். அன்றைய தோட்டாக்களின் உறை காகித அட்டை; மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதிவிடும். ஊதிய தோட்டா அவசரத்துக்கு உள்ளே போகாது. "காட்டுல போயி இது சிக்கிக்கிச்சுன்னா, அப்புறம் துப்பாக்கிக்கும் உலக்கைக்கும் வித்தியாசம் இல்லடா மாப்ளே" என்பார். ஊதியதைத் தனியாக ஒதுக்கி வைப்பார். பன்றிக்கு எல்.ஜி. குண்டு, சிறுத்தைக்கும் அதுவே, காட்டுக்கோழிக்குச் சன்ன ரவை. இந்தப் பாடமெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்பே மனப்பாடம்.

பாட்டிக்கு இது எதுவும் பிடிக்காது. காட்டிலிருந்து திரும்பினால் கொல்லைப்புறத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் நுழையலாம். பன்றிக் கறியைக் கொல்லையில் மூன்று கல் கூட்டித்தான் சமைக்க வேண்டும். வீட்டுப் பாத்திரம் தரமாட்டாள். ஆனால் தெருவில் நாலு வீட்டுக்குக் கறி பங்கு போட்டுக் கொடுத்து அனுப்பும்போது, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது அவள்தான்.

அஞ்செட்டி, தளி, ஜவளகிரி, பென்னாகரம் எல்லாம் அப்போது சேலம் ஜில்லா. 1965-இல்தான் தர்மபுரி தனியாகப் பிரிந்தது; கிருஷ்ணகிரி மாவட்டம் வந்தது 2004-இல். காய்ந்த இலையுதிர் காடு அது. வெக்காலியும் உசிலும் மூங்கிலும். தொட்டல்லா ஆற்றின் ஓரத்தில் மட்டும் நீர்மருதும் நாவலும் பெரிதாக நிற்கும். ஆறு என்றால் வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். அந்த மணல்தான் எங்களுக்கு விடியற்காலைச் செய்தித்தாள். ராத்திரி யார் வந்தார், யார் போனார், அவசரமாகவா நிதானமாகவா, தனியாகவா குட்டியோடா, எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

படிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வழிகாட்டி, இருளர் பெரியவர். மாமா அவரைப் "பெரியவரே" என்பார், அவர் மாமாவைச் "சாமி" என்பார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சிறுத்தையின் தடத்தில் நகம் பதியாது, செந்நாய்த் தடத்தில் பதியும் என்பதெல்லாம் முதல் பாடம். தடத்தின் விளிம்பில் மணல் உதிர்ந்திருக்கிறதா, அதன் மேல் பனி விழுந்த புள்ளிகள் இருக்கின்றனவா, எறும்பு குறுக்கே போயிருக்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. பனிப்புள்ளி தடத்துக்குள் இருந்தால் அது முன்னிரவில் போன மிருகம். பனியை நசுக்கிக்கொண்டு தடம் விழுந்திருந்தால் விடிவதற்குச் சற்று முன்னால். அவர் குந்தி உட்கார்ந்து விரலால் காட்டுவார், தடத்தை மட்டும் தொடமாட்டார். அடுத்து வருகிறவனும் படிக்க வேண்டுமே என்பார்.

முதன்முதலில் என்னைப் பரணில் ஏற்றியபோது எனக்குப் பதினாறு வயது. காட்டுக்குள் இருந்த ஒரு மாட்டுப் பட்டியில் கிடாரி ஒன்றைச் சிறுத்தை அடித்து, ஓடைக்கரை வரை இழுத்துப் போட்டிருந்தது. சிறுத்தை தன் இரைக்குத் திரும்பி வரும். பெரியவர் கயிற்றுக் கட்டில் ஒன்றைத் தலைகீழாக்காமல் அப்படியே மரத்தில் ஏற்றி, பதினைந்தடி உயரத்தில் கிளைகளுக்கு நடுவே கட்டினார். மறைப்புக்கு அதே மரத்தின் தழை. வேறு மரத்துத் தழையை வைத்தால் அது சாயங்காலத்துக்குள் வாடித் தனியாகத் தெரியும். தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றினார்கள், எதிலும் பட்டு ஓசை வரக்கூடாது என்று. கைக்கடிகாரத்தைக் கழற்றி மாமா சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்; முள்ளில் பச்சை வெளிச்சம் இருந்தது. பீடி இல்லை. இருமல் வந்தால் துண்டைக் கடித்துக்கொள்ள வேண்டும். நான்கரை மணிக்கே ஏறி உட்கார்ந்துவிட்டோம். பெரியவரும் அவருடைய மகனும் வேண்டுமென்றே சத்தமாகப் பேசிக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஆட்கள் போய்விட்டார்கள் என்று காடு நம்ப வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் இல்லை. மணிக்கணக்கில் எதுவும் இல்லை. ஆனால் அந்த "எதுவும் இல்லை"யைத்தான் நான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மயில்கள் ஒவ்வொன்றாக மரமேறின. கனமான சிறகடிப்பு, ஒரு கூவல், மறுபடி சிறகடிப்பு. காட்டுச் சேவல் கடைசியாக ஒரு தடவை கூவி நிறுத்தியது. வெளிச்சம் போகும்போது நிறங்கள் ஒரே சமயத்தில் போவதில்லை என்று அன்று கண்டுகொண்டேன். சிவப்பு முதலில் கறுத்துப்போகிறது, பச்சை பிறகு, ஓடை மணலின் வெண்மை நெடுநேரம் நிற்கிறது. செத்த கிடாரியின் வயிறு ஒரு மங்கலான மேடாகத் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு அது எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்திருந்ததால் மட்டுமே தெரிந்தது. பக்கிக் குருவிகள் ஆரம்பித்தன. கொசு. கால் மரத்துப்போனது. முதுகில் வியர்வை ஆறி நடுங்கியது. எங்கோ ஆள்காட்டிக் குருவி கத்தியது, மாமாவின் கை என் முழங்கால் மேல் வந்து ஒருமுறை அழுத்தியது. கேள் என்று அர்த்தம்.

கேட்டேன். அந்த மாதிரி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. காதுக்குள் என் ரத்தம் ஓடும் சத்தத்தைத் தனியாகப் பிரித்து ஒதுக்கிவிட்டு, அதற்கு அப்பால் இருப்பதைக் கேட்டேன். காய்ந்த இலை ஒன்று விழுந்தால் கிளையில் எத்தனை இடத்தில் தட்டி விழுகிறது என்று தெரிந்தது. ஓடைக்கு அக்கரையில் ஒரு கடமான் கத்தியது. வெண்கலத்தில் அடித்த ஒற்றை ஓசை. ஒருமுறை கத்தி நிறுத்தினால் அது சந்தேகம். விடாமல் கத்தினால் கண்ணால் பார்த்துவிட்டது. இது விடாமல் கத்தியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. தூரத்தில், ரம்பத்தால் மரம் அறுப்பதைப் போல, இழுத்து இழுத்து ஒரு குரல். சிறுத்தை. அதன்பின் நெடுநேரம் ஒரு அசைவும் இல்லை. அது எங்கிருந்தாவது எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றிய நிமிஷங்கள் அவை. பயம் இருந்தது. அந்தப் பயத்தில் உடம்பின் ஒவ்வொரு இடமும் விழித்துக்கொண்டிருந்தது.

வந்தது தெரியவே இல்லை. எலும்பு நொறுங்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. மாமா குழலின் கீழே கிளாம்பு போட்டுப் பிணைத்திருந்த ஐந்து கட்டை டார்ச்சை அழுத்தினார். வெளிச்ச வட்டத்துக்குள் இரண்டு கண்கள் நெருப்பாக நிமிர்ந்தன. எத்தனை அழகு என்று நினைக்கும் அளவுக்கு நேரம் இருந்தது, அவ்வளவுதான். வெடித்தது. இருட்டு. இரண்டு பாய்ச்சல் கேட்டது, செடி முறியும் சத்தம் கேட்டது, பிறகு எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு விடியும்வரை இறங்கக் கூடாது. காயம்பட்ட சிறுத்தையை இருட்டில் தேடிப் போகிறவன் உயிரோடு திரும்புவது அரிது. ஆனால் விடிந்ததும் இறங்கியே ஆக வேண்டும். சுட்டதை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போவது வேட்டைக்காரர்களுக்குள் மன்னிக்கப்படாத காரியம். காயத்தோடு அது சாகக் கிடக்கலாம், அல்லது நாளைக்கு மாடு மேய்க்கும் பையன் மேல் பாயலாம். இரண்டுக்கும் சுட்டவனே பொறுப்பு. காலையில் மாமா முன்னால், பெரியவர் பக்கத்தில், உண்ணிப் புதருக்குள் கல்லை விட்டெறிந்து விட்டெறிந்து அடி எடுத்து வைத்தார்கள். என்னை மரத்திலிருந்து இறங்கவிடவில்லை. நாற்பது அடி தள்ளி அது செத்துக் கிடந்தது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதுமடலைத் தடவினார், ஏதோ முணுமுணுத்தார். மாமா துப்பாக்கியை ஒடித்துத் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். அன்று யாரும் கூச்சல் போடவில்லை, போட்டோ எடுக்கவில்லை.

அன்றைய காலத்தை நான் பூசி மெழுக விரும்பவில்லை. இரை கிடைக்காத நாட்களில் எருமைக் கன்றை உயிரோடு மரத்தில் கட்டிவிட்டுக் காத்திருந்ததும் உண்டு. பொழுது இறங்கியதும் அது தாயை நினைத்துக் கத்த ஆரம்பிக்கும். பரணின் மேல் இருந்து அதைக் கேட்பது எளிதல்ல, கேட்டும் உட்கார்ந்திருந்தோம். ஜீப்பில் ராத்திரி முழுக்கச் சுற்றி, ஸ்பாட் லைட் அடித்து, கண் மின்னியதையெல்லாம் சுட்டுத் தள்ளிய பணக்காரக் கூட்டங்களும் அதே காட்டில் இருந்தன. பெட்டைமான், குட்டி எதுவும் பார்க்கமாட்டார்கள். மாமா அவர்களோடு டீக்கடையில்கூடப் பேசமாட்டார். ஆனால் மிருகத்துக்கு எங்கள் குண்டுக்கும் அவர்கள் குண்டுக்கும் என்ன பேதம்?

பெங்களூர் வேட்டை என்றால் கென்னத் ஆண்டர்சனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1910-இல் பிறந்தவர், பிஷப் காட்டன் பள்ளியில் படித்தவர், இன்று கஸ்தூர்பா ரோடாக இருக்கும் சிட்னி ரோட்டில் வீடு. அவரும் எங்கள் மாமா வேலை பார்த்த விமானத் தொழிற்சாலையில்தான் மேலதிகாரியாக இருந்தார். மாமா பேசும்போது அந்தப் பெயரை எப்போதும் "நம்ம ஃபேக்டரி ஆண்டர்சன் துரை" என்றுதான் சொல்வார், அதில் ஒரு சொந்தம் தொனிக்கும். அவருடைய ஸ்டூடிபேக்கர் காரும், .405 வின்செஸ்டர் ரைஃபிளும் ஹோசூர்க் காட்டு ஊர்களில் பழங்கதையாகிவிட்டவை. 1939-லிருந்து 1966 வரை அவர் சுட்டதாக அரசுக் கணக்கில் உள்ள ஆட்கொல்லிகள் எட்டுச் சிறுத்தை, ஏழு புலி. 1954-இல் முதல் புத்தகம் வந்தது. ஜவளகிரிப் புலி, சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தை என்று நாங்கள் பஸ்ஸில் கடந்துபோகும் ஊர்களின் பெயரெல்லாம் லண்டனில் அச்சாகியிருந்தது. ஜிம் கார்பெட்டைத் தி.ஜ.ர. தமிழில் தந்திருந்தார், குமாயுன் எங்களுக்குப் புத்தகத்தில் இருந்த ஊர். ஜவளகிரி அப்படியல்ல, அங்கே இறங்கி டீ குடிக்கலாம்.

அந்தப் புத்தகங்களை எச்.ஏ.எல். காலனி நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு மாமாவுக்குப் படித்துச் சொன்னவன் நான். புலிகளைவிட என்னைப் பிடித்துக்கொண்டது பைரா என்ற பூசாரியும் ரங்கா என்ற பென்னாகரத்து ஆளும்தான். துரைமார்கள் எழுதிய வேட்டைக் கதைகளில் "ஒரு உள்ளூர் ஆள்" என்று பெயரில்லாமல் வந்துபோகிறவர்கள், ஆண்டர்சனிடம் பெயரோடும் குணத்தோடும் நண்பர்களாக வருகிறார்கள். மாமா கேட்டுவிட்டு, "சரியான மனுஷன்" என்றார். கடைசிக் காலத்தில் ஆண்டர்சன் துப்பாக்கியை விட்டுக் கேமராவை எடுத்தார், காட்டைக் காக்க வேண்டும் என்று பேசினார். 1974-இல் பெங்களூரிலேயே காலமானார். அவர் மகன் டொனால்டும் அதே காடுகளில் வேட்டையாடி வளர்ந்தவர். 2014 வரை இதே ஊரில் வாழ்ந்தார். அவருடைய நினைவுகள் 2018-இல் புத்தகமாக வந்தபோது, இந்த வயதிலும் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். சட்டம் வந்த பிறகும் மனசு காட்டிலேயே தங்கிவிட்ட இன்னொரு பெங்களூர்க்காரன் என்ற உறவு எனக்கு அவரோடு.

வசதி உள்ளவர்கள் சுட்ட புலியும் சிறுத்தையும் மைசூருக்குப் போகும். வான் இங்கன் குடும்பத்துப் பட்டறை அங்கே இருந்தது; உலகத்தின் பெரிய பாடம்செய்யும் நிலையங்களில் ஒன்று. வாய் திறந்து உறுமும் தலைகளும், விரித்த தோல்களும் அங்கிருந்து அரண்மனைகளுக்கும் கப்பலேறியும் போயின. 1900 வாக்கில் தொடங்கி நூற்றாண்டு முடியும் தறுவாயில் மூடப்பட்டது. அவர்கள் கையில் பாடமானவை நாற்பதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் புலியும் சிறுத்தையும் என்று பின்னாளில் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே ஊரில், ஒரே பட்டறையில்!

ஆகவே சட்டம் வந்தது சரிதான். 1969-இல் டெல்லியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடு புலியின் நிலையை எச்சரித்தது. 1970-இல் புலி வேட்டைக்கு நாடு முழுவதும் தடை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1973 ஏப்ரலில் புலிகள் திட்டம், அதில் எங்கள் பக்கத்துப் பந்திப்பூரும் சேர்ந்தது. 1972 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் எண்ணியது 1,827 புலிகள். 2022 மதிப்பீட்டில் 3,682. கர்நாடகத்தில் மட்டும் 563, தமிழ்நாட்டில் 306. இந்த எண்களைப் பார்த்து மகிழாதவன் காட்டை நேசித்தவன் இல்லை. யாராவது என்னிடம் வந்து, தடையை எடுத்துவிடலாமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம் என்பேன்.

மாமா அந்தச் சட்டத்தை எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. வாய் திறக்கவில்லை. துப்பாக்கி வீட்டில் இருந்தது. தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப எடுத்து வருவார். ஞாயிற்றுக்கிழமை துடைப்பதை நிறுத்தவில்லை. குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், உறையில் போட்டுவிடுவார். நான் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும் அந்த எண்ணெய் வாசனைக்காகவே ஞாயிற்றுக்கிழமை அங்கே போவேன். ஓய்வு பெற்ற வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் துப்பாக்கியை ஒரு ஆயுத வியாபாரியிடம் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு வந்து, பாட்டியின் பழைய விதிப்படி கொல்லையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனார்.

மிச்சம் ஒரு கடமான் கொம்பு. 2003-இல் பழைய வேட்டைப் பொருள்களைக் கணக்குக் காட்ட அரசு ஆறு மாத அவகாசம் கொடுத்தபோது, அளவெடுத்து, போட்டோ எடுத்து, விண்ணப்பம் எழுதி முறைப்படி தெரிவித்தோம். அது இப்போது என் வீட்டுச் சுவரில். ஒரு பக்கத்து மூன்றாம் கிளையின் நுனி மழுங்கியிருக்கும். மண்ணிலும் மரத்திலும் தேய்த்துத் தேய்த்து உயிரோடு இருந்தபோதே அது மழுக்கிக்கொண்டது. தூசி தட்டும்போது அந்த நுனியைத்தான் என் விரல் தேடிப்போகும்.

பிள்ளைகள் என்னைக் கபினிக்கு அழைத்துப் போனார்கள். ஜீப்பில் ஏறினோம். நல்ல ஓட்டுநர், நல்ல வழிகாட்டி. ஒரு சிறுத்தையைப் பட்டப்பகலில், தேக்கு மரக் கிளையில், அரை மணி நேரம் பார்த்தோம். அஞ்செட்டியில் அத்தனை வருஷமும் சேர்த்து நான் பார்த்த நேரத்தைவிட அது அதிகம். சுற்றிலும் கேமராக்கள் படபடத்தன. பேரன் பூரித்துப்போனான்; அவன் முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். ஆனால் திரும்பும்போது நான் எதையும் கேட்டிருக்கவில்லை என்பது உறைத்தது. கடமான் கத்தியதா, காற்று எந்தப் பக்கம், எனக்குத் தெரியாது. தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் வேறு யாரோ எனக்காகக் கேட்டு, என்னைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

இங்கேதான் என் ஏக்கம் முடிச்சிட்டுக்கொண்டு கிடக்கிறது. வேட்டைக்காரர்கள் பலர், "நாங்கள் விரும்பியது கொல்வதை அல்ல, காட்டைத்தான்" என்று சொல்வார்கள். என்னால் அப்படிச் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. வெறுமனே காட்டைப் பார்க்கவென்று போயிருந்தால், எட்டு மணி நேரம் அசையாமல், இருமாமல், ரத்த ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு நான் கேட்டிருப்பேனா? அந்தக் கவனத்தை எனக்கு வாங்கித் தந்தது மாமாவின் மடியில் கிடந்த துப்பாக்கி. ஒரு உயிர் போகப்போகிறது, தவறினால் நம் உயிரும் போகலாம், காலையில் இறங்கிப் போய்ப் பொறுப்பேற்க வேண்டும் என்ற பாரம்தான் காதைத் திறந்தது. அந்தப் பாரம் வேண்டாம் என்று நாடு முடிவு செய்தது நியாயம். அதோடு சேர்ந்து போன கவனத்துக்காக நான் துக்கப்படுவதும் நியாயம் என்றே நினைக்கிறேன். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்க என்னால் ஆகவில்லை.

காடு நல்லவேளையாக அழியவில்லை. எங்கள் பழைய அஞ்செட்டிக் காடு, வீரப்பன் காலத்தையெல்லாம் தாண்டி, 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. மேலகிரி மலைகளில் யானை, சிறுத்தை, காட்டெருது எல்லாம் இருக்கின்றன. ஆண்டர்சன் பெயரிலேயே ஒரு இயற்கைச் சங்கம் வைத்து ஹோசூர்ப் பக்கத்து ஆட்கள் அங்கே உழைக்கிறார்கள். ராகி விளையும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் தளி, ஜவளகிரி வழியாகச் சானமாவு வரை இன்றும் நடக்கிறது. சிறுத்தையோ ஊருக்கே வருகிறது: 2016 பிப்ரவரியில் பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் ஒரு தனியார் பள்ளிக்குள் ஒன்று நுழைந்துவிட்டது. பிடிக்கப் போனவர்களில் சிலர் கடி வாங்கினார்கள். அன்று தொலைக்காட்சியில் அது நீச்சல் குளத்தோரம் ஓடியதைப் பார்த்தபோது, என் வீட்டிலிருந்து அந்த இடம் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லையே என்று நெஞ்சு படபடத்தது. மேலே நின்றவர்கள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். கத்தாதீர்கள், வழி விடுங்கள், அது போய்விடும் என்று டி.வி.யிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருளர் பெரியவர் போய் ரொம்ப காலம் ஆகிறது. அவருடைய பேரன் இன்று அதே காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர். காக்கிச் சட்டை, கையில் கம்பு, சட்டைப்பையில் செல்போன். வாரத்தில் பாதி ராத்திரி காட்டுக்குள் முகாம். தாத்தா தடம் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததைக் கள்ளத் துப்பாக்கிக்காரர்களின் செருப்புத் தடம் பார்க்க வைத்துக்கொண்டிருக்கிறான். பனிப்புள்ளிக் கணக்கு மனிதத் தடத்துக்கும் அப்படியே பொருந்துகிறதாம். கார்த்திகையில் ஒருநாள் அவனே போன் செய்தான். ஓடைக்கரைப் பக்கம் சிறுத்தை கடமானை அடித்துப் போட்டிருக்கிறது, தூரத்துப் பாறை மேல் இருந்து பார்த்தார்களாம்.

"கடமான் எத்தனை தடவை கத்துச்சு தம்பி?" என்று கேட்டேன்.

"விடாம கத்துச்சுங்க ஐயா. அப்புறம் டக்குனு நின்னுபோச்சு. ஆள்காட்டி அதுக்கு முந்தியே கத்திருச்சு."

"காத்து?"

"மேக்கால இருந்து. நாங்க கீழ்ப்பக்கமா ஒக்காந்திருந்தோம்."

அவன் சொல்லச் சொல்ல எனக்கு அத்தனையும் கேட்டது. பொறாமையாகவும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் இன்று ராத்திரியில் அந்தக் காட்டுக்குள் நடந்துபோக உரிமை உள்ளவன் அவன்தான். அவனுடைய காதும் திறந்திருக்கிறது. அவனுக்கும் பொறுப்பு உண்டு, அவனுக்கும் ஆபத்து உண்டு. துப்பாக்கி மட்டும் எதிர்ப்பக்கத்துக்காரன் கையில்.

தை பிறந்ததும் போகலாம் என்றிருக்கிறேன். முழங்கால் ஒத்துழைக்காது, காட்டுக்குள் விடவும் மாட்டார்கள். ஹோசூரில் பஸ் மாறி, தேன்கனிக்கோட்டை தாண்டி, அஞ்செட்டி டீக்கடை வரைக்கும் போக முடியும். ராத்திரி முகாம் முடிந்து காலை ஏழு மணிக்கு அவன் அங்கேதான் வருவானாம். அதற்கு முன்னால் நான் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். தொட்டல்லா மணலில் இந்த வருஷம் யார் யார் நடந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.